கல்லில் ஒரு வரிக்கு இடம்

1

“அன்புள்ள தம்பிக்கு, கர்த்தர் கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. அண்ணனின் பெயரை அம்மா அப்பாவின் கல்லறையில் சேர்க்க ஒழுங்கு செய்துவிட்டேன். கார்த்திகை இரண்டாந் திகதிக்கு முதல் கல் வைக்க வேணும். பெயர், ஆண்டு எல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் காரைச் செய்தவர் இவர்தான் என்று ஒரு வரி, பிழையில்லாமல், நீங்கள் எழுதித் தரவேணும். கல் வெட்டுகிறவர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.”

திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து பிலோமினா அக்கா எழுதிய கடிதம் இது. ஊர்முறையில்தான் எனக்கு அக்கா, சனத்துக்கு அவர் பிலோமினா ரீச்சர். திகதி செப்டெம்பர் 14. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் படம் பிடித்து அனுப்ப, அன்று பின்னேரமே இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் என் தொலைபேசிக்கு வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபடி வாசித்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். எழுத்துகள் மங்கலாகத்தான் தெரிந்தன. இருந்தாலும் விஷயம் விளங்கியது.

அவருடைய அண்ணன் அலோசியஸ் போன வருடம் இங்கே காலமானார். கார் உடற்பகுதிகளை வடிவமைக்கும் பொறியியலாளராக இந்த நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். இங்கேயே அடக்கம். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். வெளிநாட்டில் செத்தவர்களின் பெயரை ஊரில் தாய் தகப்பனின் கல்லறையில் பொறிப்பது எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இப்போது வழக்கமாகிவிட்டது. நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் தினத்தன்று சனம் கல்லறைகளைக் கழுவி மெழுகுதிரி ஏற்றும். அந்தப் பெயருக்கும் ஒரு திரி கிடைக்கும். அதன் கீழே ஆள் இருக்காது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்ச் சனத்தில் யார் எப்போது இந்த நாட்டுக்கு வந்தார்கள், எங்கே வேலை செய்தார்கள், எப்போது போனார்கள் என்று நாள் போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். தபால் பிரிக்கும் இடத்தில் முப்பது வருடம் நின்றவனுக்கு வேறு பொழுதுபோக்கு வராது. செத்தவீட்டு அறிவித்தலுக்கு ஒரு ஆண்டு தேவைப்பட்டால் என்னிடம் கேட்பார்கள். மற்ற நாட்களில் யாரும் கேட்பதில்லை.

அக்கா கேட்டது ஒரே ஒரு வரி. அதை என்னால் எழுத முடியவில்லை. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

2

கம்பனியின் பெயரையும் காரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. கம்பனி கை மாறிக் கை மாறி, இப்போது அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்றே தெளிவில்லை. அது ஒரு சின்ன நாலு கதவுக் கார். எண்பதுகளின் கடைசியில் வந்தது. திருகோணமலையில் பல் வைத்தியர் ஒருவர் பழையது ஒன்று வாங்கி ஓட்டினார். அது உட்துறைமுக வீதியால் போகும்போது பிலோமினா அக்கா வெளியே வந்து பார்ப்பாராம். ஒருநாள் சந்தைக்கு முன்னால் நின்றபோது கிட்டப் போய் அதன் முன்பக்கத்தைத் தொட்டும் பார்த்திருக்கிறார். அவர்களுடைய ஒழுங்கையில் அதற்குப் பெயர் “அலோசியஸ்ர கார்”.

அவர்களுடைய தகப்பன் சந்தியாப்பிள்ளை டொக்யாட்டில் ஃபிட்டர். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவரைப் போல் பலருக்கு வேலை போனது. அதன் பிறகும் எந்த இரும்பைக் கண்டாலும் குனிந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். இரும்பைத் தின்னும் கறள் அடியில்தான் தொடங்கும் என்பார். அலோசியஸ் அண்ணனுக்கும் அதே பழக்கம் வந்தது.

பங்குச் சுவாமியிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. மூதூர்ப் பக்கம் பூசைக்குப் போவதென்றால் கிண்ணியாவில் தொடங்கி ஒவ்வொரு துறையிலும் அதைப் படகுப்பாதை என்ற மிதவையில் ஏற்றி இறக்கவேண்டும். ஒவ்வொரு தரமும் உப்புத் தண்ணீர் கீழே அடிக்கும். ஒருநாள் கோயில் வாசலில் சுவாமி பிரேக்கை மிதிக்க, தரைத் தகரம் பிய்ந்து அவருடைய சப்பாத்து றோட்டில் நின்றது. அலோசியஸ் அண்ணனைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னார்கள். அவர் தகரம் வைத்து ஒட்டினார். ஒட்டியபின், கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல நீளமாக ஓடும் தகரத்தில் தகப்பனின் கைத்துளைப்பானால் நாலு துளை போட்டார்.

“டேய், ஒட்டக் கூப்பிட்டா ஓட்டை போடுறியோ?” என்று சுவாமி கத்தியிருக்கிறார்.

துளைகளால் கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்ததாம். சுவாமி கத்துவதை நிறுத்திவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாராம்.

இது பிலோமினா அக்கா சொன்னது. வேறு சாட்சி எவரும் இப்போது உயிரோடு இல்லை.

அதன் பிறகு அலோசியஸ் அண்ணனுக்குக் கொழும்பில் தொழில்நுட்பப் படிப்பு. அறுபதுகளின் நடுவில் கப்பலில் இங்கிலாந்து. வந்த ஆண்டைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். முதலில் மற்றவர்கள் கீறிய படங்களைப் பிரதி எடுக்கும் வேலை. வேலை முடிந்து மாலை வகுப்பு. பிறகு வரைபலகையில் சொந்த இடம். பிறகு உடற்பகுதிப் பொறியியலாளர். கடைசிப் பத்து வருடம் ஒரு பிரிவுக்குத் தலைவர். நோரா என்ற அயர்லாந்துப் பெண்ணைக் கட்டினார். மார்ட்டின் என்று ஒரே மகன். நான் இங்கே வந்தது எண்பத்தெட்டில். அதன் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறாவது பூசை முடிந்து அவருடைய குசினியில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஊரைப் பற்றி எல்லாம் கேட்பார். இப்போதும் நேவி வாசலில் பாஸ் கேட்கிறார்களா, மூதூர் லோஞ்ச் ஓடுகிறதா, கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் எவ்வளவு. தாயைப் பற்றி நான் கதையெடுத்தால் எழுந்து கேத்தலை மீண்டும் அடுப்பில் வைப்பார்.

ஊருக்கு அவர் ஒருதரமும் போகவில்லை என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தாய் இறந்தது 1985 மார்கழியில், அதாவது டிசெம்பர் மாதத்தில். அப்போதும் வரவில்லை.

3

மார்ட்டின் தகப்பனின் வீட்டை விற்க ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் நான் போய் உதவி செய்தேன். நல்ல பிள்ளை. செத்தவீட்டில் தமிழில் நாலு வசனமாவது சொல்லவேண்டும் என்று ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கியவன், வந்தவர்களுக்கு நன்றி சொல்லவேண்டிய இடத்தில் அனுதாபம் தெரிவித்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும், அடுத்த தரம் திருத்தியிருப்பான் என்று பிறகு நினைத்தேன். அடுத்த தரம் என்று ஒன்று இல்லை. தமிழில் பேச அவனுக்கு இனி ஆள் இல்லை.

“அங்கிள், அப்பா அந்தக் காரைக் கீறினவரா?” என்று அவனே என்னைக் கேட்டான், ஆங்கிலத்தில்.

“நீயல்லோ எனக்குச் சொல்லவேணும்.”

“பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் ‘கார்’ என்று சொல்வேன். அதோடு முடிந்துவிடும். நான் இந்த மின்சாரக் காரை வாங்கின அன்றைக்கு மழை. அவர் கோட்டைக் கழற்றாமல் அதற்குக் கீழே படுத்துவிட்டார். எழும்பி வந்து, ‘பரவாயில்லை’ என்றார். என் கலியாணத்துக்கும் அதே சொல்தான் சொன்னவர்.”

கம்பனியின் பழைய பதிவுகளை இப்போது வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினோம். அப்படி ஒருவர் வேலை செய்யவில்லை என்று பதில் வந்தது. பெயரை வேறு வேறு விதமாக எழுதிக் கேட்டபிறகு காரணம் தெரிந்தது. ஊரில் அவர் பிரான்சிஸ் அலோசியஸ், தகப்பன் பெயர் சந்தியாப்பிள்ளை. இங்கே யாரோ ஒரு அலுவலக லிகிதர் தகப்பனை இரண்டாக வெட்டி, சந்தியாவை நடுப்பெயராக்கி, பிள்ளையைக் குடும்பப் பெயராக்கியிருந்தார். தொழிற்சாலையில் அவர் “மிஸ்டர் பிள்ளை”. மரணச் சான்றிதழில் முழுச் சந்தியாப்பிள்ளை. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு சட்டத்தரணியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மார்ட்டின் அதையும் எடுத்தான். கடைசியில் வந்த பதில் ஐந்து வரி. ஊழியர் கோப்புகள் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன. காப்புரிமைகள் எல்லாம் அந்தந்த இலாகாத் தலைவர்களின் பெயரில் இருக்கின்றன.

4

கூட வேலை செய்தவர்களில் கதைக்கக் கூடியவர் ஒருவர்தான் மிச்சம். கென். அண்ணனுக்குப் பக்கத்து வரைபலகையில் இருந்தவர். அவருடைய தோட்டத் துண்டில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பிடித்தேன். கூட வேலை செய்தவர்களுக்கு அலோசியஸ் அண்ணன் ‘அல்’. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“யார், அல்? ஓட்டைக்கார அல்! நாங்கள் எல்லோரும் இரும்பைச் சேர்ப்போம். அவன் ஒருவன்தான் எடுப்பான்.”

விளக்கினார். கதவுகளுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டித் தகரம்தான் காரைத் தாங்குவது. குளிர்காலத்தில் இங்கே றோட்டில் உப்புப் போடுவார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கறள் பிடித்து, ஏழெட்டு வருடத்தில் கார் செத்துவிடும். எல்லோரும் தண்ணீரை உள்ளே விடாமல் அடைக்கப் பார்த்தார்கள். அடைக்க ஏலாது, அது வந்தே தீரும், வந்தால் போக வழி விடுங்கள் என்று அலோசியஸ் அண்ணன் ஒரே பிடியாய் நின்றார். துளை எங்கே, எவ்வளவு, எந்தச் சாய்வில் என்று அவர் கீறிய முறையில் உள்ளே காற்றும் ஓடும். துளை போட்டால் பலம் குறையும் என்று மேலே இருந்தவர்கள் இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள். பிறகு கம்பனியின் எல்லாக் கார்களுக்கும் அதுவே வந்தது. மற்றக் கம்பனிகள் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தாங்களும் செய்தன.

“இன்றைக்கு இந்தத் தெருவில் நிற்கிற எந்தக் காருக்கும் கீழே படுத்துப் பார். அல் இருப்பான்” என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. “அப்படியென்றால் அந்தச் சின்னக் காரைச் செய்தது அவர்தான்?”

“அதுவா! அதன் மூஞ்சியே அவனுக்குப் பிடிக்காது. வீங்கின தவளை என்பான். அதைக் கீறியது வேறு ஆட்கள். எண்பத்தைந்து குளிர்காலத்தில் கீறினார்கள். அப்போது அல் உள்ளேயே இல்லையே. எங்களில் பாதிப் பேரை வேலையால் நிறுத்திவிட்டார்கள். வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தான். நகர நூலகத்தில் சூடு இருக்கும் என்று காலையில் போய்ப் பின்னேரம் வருவான், வேலைக்குப் போகிறவன் மாதிரிக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. துளை வேலையெல்லாம் கம்பனி அவனைத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான்.”

உருளைக்கிழங்கு ஒரு பை நிறையத் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

5

பிலோமினா அக்காவை அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே பின்னேரம். பின்னால் காகங்கள் கத்துவது கேட்டது.

“தம்பி, வரி ரெடியோ?”

“அக்கா, வரியில ஒரு மாற்றம் செய்தா நல்லது.” துளைகளைப் பற்றி, உப்பைப் பற்றி, மற்றக் கம்பனிகள் பார்த்துச் செய்ததைப் பற்றி, என்னால் முடிந்தளவு பெருமையாகச் சொன்னேன். சுவாமியின் காரையும் ஞாபகப்படுத்தினேன்.

“எல்லாம் சரி. கல்லில என்னெண்டு போடுறது? ஓட்டை போட்டவர் எண்டோ?”

“அப்பிடியில்லை அக்கா...”

“ஊர் சிரிக்குமடா தம்பி. கப்பலேறிப் போனவர் ஓட்டை போடத்தான் போனவரோ எண்டு கேக்கும். நீங்கள் காரைப் பற்றிச் சொல்லுங்கோ.”

“காரைக் கீறினது வேற ஆக்கள்.”

“ஆர் சொன்னது?”

“கூட வேலை செய்தவர்.”

“வெள்ளைக்காரன் எங்கட ஆள் செய்தது எண்டு சொல்லுவானோ? எப்பயாவது சொன்னவங்களோ?” குரல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. “தம்பி, உங்களுக்கு விளங்கேல்லை. கல்லறையில பூ வைச்சா இஞ்ச ஊருக்குள்ள திரியிற மான் திண்டிட்டுப் போயிடும். எழுத்து எண்டா நிக்கும். அம்மாவின்ர சாவுக்கு அண்ணன் வரேல்லை. முப்பத்தொண்டு நினைவுநாளுக்கும் வரேல்லை. முப்பத்தொண்டில வந்த சனமெல்லாம் என்னைத்தான் கேட்டது, எங்கை மூத்த மகன் எண்டு. புதுக் கார் ஒண்டு கீறுறம், இடையில விடமாட்டாங்கள் எண்டு அண்ணன் எழுதினவர். நான் அதை ஒவ்வொரு ஆளாச் சொன்னனான். சாப்பாட்டை இலையில வைச்சு வைச்சுச் சொன்னனான். பிறகு அந்தக் கார் ஊருக்கு வந்தது. பாத்தீங்களோ, இதுதான் எண்டு காட்டினனான். அந்தக் கார் இல்லையெண்டா, அண்ணன் ஏன் வரேல்லை எண்டதுக்கு நான் என்ன சொல்லுறது?”

முன்னால் இருந்த என் குறிப்புக் கொப்பியை மூடினேன்.

“அந்த மார்கழி அவர் என்ன செய்துகொண்டு இருந்தவர்? நாள் நாளா எழுதி வைக்கிற ஆள் நீங்கள். தெரியாமல் இருக்காது.”

பொய் சொல்வதற்கு நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அண்ணன் மீது அவருக்கு இரக்கம் வரும் என்று நம்பினேன். வேலையில்லாமல், வெறுங்கையோடு, வெட்கத்தில் கிடந்தவர் என்று தெரிந்தால் மன்னிப்பது இலகு என்று நினைத்தேன். ஆகவே சொன்னேன், நூலகம், கழுத்துப்பட்டி எல்லாவற்றையும்.



“வேலையில்லாமல் இருந்தவரோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப வந்திருக்கலாமே.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். நாட்டு நிலைமை, சண்டையில் பூட்டிய பாதைகள், ஆமி என்று. அவர் குறுக்கிட்டார். “எனக்குத் தெரியாத நிலைமையோ? நான் இஞ்சதானே இருந்தனான்.” பிறகு, “கார் வேண்டாம். பேரும் ஆண்டும் காணும் எண்டு கல்லு வெட்டுறவருக்குச் சொல்லுறன்” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

6

அடுத்த சனிக்கிழமை மார்ட்டினும் நானும் அலோசியஸ் அண்ணனின் வீட்டில் அலுமாரி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மாமி காரைக் கல்லில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றும், ஏன் என்றும் சொன்னேன். தகப்பனின் வேலை போன குளிர்காலம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அப்பா ஒரு பெட்டியோடு போனாரே, அந்தக் குளிர்காலமா?” என்றான்.

கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டேன்.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். அவனுக்கு அப்போது ஆறு வயது. நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்ட ஒருநாள் தகப்பன் பெட்டியோடு போனார். வேலை தேடிப் போகிறார் என்று தாய் சொன்னார். எத்தனை நாள் என்று தெரியாது. பள்ளிக்கூட விடுமுறை முடியுமுன் திரும்பி வந்தார். வந்த அன்று அவருடைய கைகளெல்லாம் நுளம்பு, அதாவது கொசு, கடித்த தடிப்பு. தாய் குசினியில் இருத்தி றோஸ் நிற மருந்து பூசினார். அவன் ஒவ்வொரு தடிப்பாகத் தொட்டு எண்ணினான், ஆகவே ஞாபகம் இருக்கிறது. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, “பாதை பூட்டியிருந்தது” என்றாராம். எந்தப் பாதை என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

“அது மார்கழி, மார்ட்டின். இந்த நாட்டில மார்கழியில நுளம்பு ஏது?”

“எனக்குத் தெரியாது, அங்கிள். எனக்கு ஆறு வயசு.”

இதைப் பிலோமினா அக்காவுக்குச் சொல்வதா என்று ஒரு கிழமை யோசித்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை நான் என் குறிப்புகளில் சேர்ப்பதில்லை. நுளம்புக்கடி ஆதாரமாகாது. கென்னிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நோரா இப்போது உயிரோடு இல்லை. அந்தக் காலத்துக் கடவுச்சீட்டைத் தேடி வீடு முழுவதும் கிண்டினோம், கிடைக்கவில்லை. குடிவரவு அலுவலகம் இவ்வளவு பழைய பயணங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்கிறது. விமானக் கம்பனி பதிலே எழுதவில்லை.

கடைசியில் அக்காவை அழைத்து, அண்ணன் அந்த மார்கழியில் கொழும்பு வரை வந்து, பாதை பூட்டியிருந்ததால் திரும்பியிருக்கலாம் என்று சொன்னேன். உறுதியில்லை என்பதை முதலே சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். கேட்டு முடிந்ததும் அக்கா முதலில் கேட்டது வயதை.

“மார்ட்டினுக்கு அப்ப என்ன வயசு?”

“ஆறு.”

“ஆறு வயசுப் பிள்ளை கனக்கச் சொல்லும், தம்பி. கனவையும் சேத்துச் சொல்லும்.”

“ஓம் அக்கா.”

“வந்தா எனக்குச் சொல்லாமல் திரும்புவாரோ? கொழும்பு மட்டும் வந்திட்டு?”

“தெரியாது அக்கா.”

கதிரை ஒன்று இழுபடும் சத்தம். உட்காருகிறார் என்று விளங்கியது. முழங்கால் அப்படி.

“கொழும்பில எங்கை நிண்டவராம்?” என்று கேட்டார்.

“அது ஒண்டும் அவனுக்குத் தெரியாது.”

“கேட்டுப் பாருங்கோ. வடிவாக் கேட்டுப் பாருங்கோ.” பிறகு, கல் வைத்தாகிவிட்டது என்றார். பெயரும் இரண்டு ஆண்டுகளும் மட்டும். கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறாராம்.

இதை ஊரில் வாசிப்பவர்களிடம் ஒரு கேள்வி. 1985 மார்கழிக் கடைசியில் அல்லது அடுத்த தை முதலில், கொழும்பில், திருகோணமலைக்கு பஸ் போகுமா என்று கேட்டுக்கொண்டு நின்ற, நாற்பத்து நாலு வயதான, மெலிந்த, இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவரைக் கண்டவர்கள், அவருக்கு ஒரு இரவு இடம் கொடுத்தவர்கள், அல்லது அப்படிக் கேள்விப்பட்டவர்கள் இருந்தால் அன்புவழிபுரத்தில் பிலோமினா ரீச்சரிடம் நேரே சொல்லுங்கள். அலோசியஸ் சந்தியாப்பிள்ளை அந்த மார்கழியில் கொழும்பு வரை வந்தார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.